காவியைக் கேட்டவர்கள் சாதியைக் கேட்கவில்லை

ஆகஸ்டு மாதம் பாதி கழிந்ததும் திருமுல்லைவாயிலில் சி.டி.எச். சாலையோரமாக ஒரு காட்சியைக் காணலாம். காவி வேட்டி உடுத்திய ஆண்கள், காவிப் புடவை கட்டிய பெண்கள், கழுத்தில் செபமாலை, பலருக்கு வெறுங்கால். நடுவில் சின்னஞ்சிறு சக்கரங்களின் மேல் கட்டிய ஒரு தேர். அதனுள் குழந்தையை ஏந்திய மாதா. சுற்றிலும் சீரியல் விளக்குகள், உச்சியில் ஓர் ஒலிபெருக்கி. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இவர்கள். இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. ஆகஸ்டு 29 அன்று கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்று மாதாவின் பிறந்தநாள் பெருவிழா. கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது பெரும்பாலோரின் நேர்ச்சை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்ப்பவர்கள், கொத்து வேலைக்குப் போகிறவர்கள், நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்கள் ஆகியோரே இக்கூட்டத்தில் மிகுதி. சம்பளமில்லா விடுப்பில்தான் பலரும் போகிறார்கள்.

சென்ற ஆண்டு நம் பகுதியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், உரையாற்ற வந்த நண்பர் ஒருவர் பேச்சின் நடுவே இந்தக் காட்சியைத் தொட்டார். "காவி யாருடையது? தேர் யாருடையது? மொட்டையும் கொடிமரமும் தேங்காயும் யாருடையவை? இது பண்பாட்டுத் திருட்டு" என்றார். கைதட்டல் பலமாக எழுந்தது. வியப்பு அதுவன்று. கூட்டம் முடிந்தபின் கிறித்தவ நண்பர் ஒருவர் அவரிடம் சென்று, "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, இந்தக் காவியும் தேரும் வேதத்தில் எங்கே இருக்கிறது? இவர்கள் இன்னும் பழையதை விடவில்லை" என்று சொல்லிக் கைகுலுக்கினார். ஒருவருக்கு அவர்கள் திருடர்கள், மற்றவருக்கு அவர்கள் அரைகுறைகள். வாயில் பெயர் தெரியாத அந்த மக்களின் முதுகுக்குப் பின்னால் இரண்டு எதிர்முகாம்களும் அன்று ஒன்றாய்த் தேநீர் அருந்தின.

நாம் கத்தோலிக்கரல்லர். சைவ வீட்டில் பிறந்து, கொடியிடை நாயகி சந்நிதியின் திருநீற்றுப் பொட்டலத்தைப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து வளர்ந்தவர்கள். ஆகவே இக்கட்டுரையை யாரும் மதப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தமிழ் படித்தவர்கள் என்ற முறையில்தான் பேசுகிறோம். அந்தக் கைதட்டலில் தமிழ் படித்தவர்களின் கைகளும் இருந்தன என்பதே நம்மை எழுதத் தூண்டியது.

முதலில் நிறத்தை எடுத்துக்கொள்வோம். காவி எங்களுடையது என்று சொல்பவர் தேவாரத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் பத்தாம் பாடலில் சமண பௌத்தரை வழக்கமாகச் சாடுவார். அங்கே பௌத்தத் துறவியரைக் குறிக்க அவர் கையாளும் அடையாளங்களுள் ஒன்று அவர்களது துவராடை. துவர் தோய்த்த செந்நிற ஆடை. அதாவது, ஏழாம் நூற்றாண்டுச் சைவர் ஒருவருக்கு அந்நிறம் எதிராளியின் நிறமாகத் தென்பட்டது. பின்னர் அது எல்லாருடைய துறவுக்கும் நிறமாயிற்று. இந்த நடைபயணிகள் சிதம்பரத்தைக் கடந்து சீர்காழி வழியாகத்தான் போகிறார்கள். சம்பந்தர் பிறந்த ஊரில், அவர் பழித்த நிறத்தை உடுத்துக்கொண்டு, ஏழைகள் நடக்கிறார்கள். உரிமைப் பத்திரம் கேட்க வேண்டுமானால் யார் யாரிடம் கேட்பது?

அடுத்தது நடை. கால்நடையாய்த் தெய்வத்தைத் தேடிப் போவது எந்தச் சமயத்தின் கண்டுபிடிப்பு? ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருக்கும் மொழி இது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் பாட்டு, திருமுருகாற்றுப்படையில் தெய்வத்திடம் போகும் வழியாயிற்று. புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணை ஒரு சமணத் துறவி. அவர் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது மாதரி என்ற ஆய்ச்சியிடம். யார் எந்தச் சமயம் என்று பார்த்து அந்தப் பாதையில் யாரும் யாருக்கும் நீர் வார்க்கவில்லை.

நம் ஊருக்கே வருவோம். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி எல்லை கடந்த சுந்தரர், கண்பார்வை இழந்த நிலையில் நடந்து வந்து பாடிய தலம் இந்தத் திருமுல்லைவாயில். பார்வை போனவன் கால்களை நம்பி ஒரு தெய்வத்தின் வாசலுக்கு வருவது என்பதே இவ்வூர்ப் பதிகத்தின் பின்னணி. இன்றும் வெள்ளிக்கிழமையும் முழுநிலவும் கூடிவரும் நாளில், காலையில் மேலூர்த் திருவுடையம்மன், நண்பகலில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் இவ்வூர்க் கொடியிடையம்மன் என்று மூன்று தாயரை ஒரே நாளில் தரிசிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்கள் வேண்டுவது என்ன? பிள்ளை வரம், கணவனின் குடி நிற்றல், மகளின் திருமணம், கடன் தீர்தல். வேளாங்கண்ணிக்கு நடப்பவள் வேண்டுவது என்ன? அதே பட்டியல்தான். தாயிடம் நடந்து போய்க் கேட்பது என்னும் மொழியை இவர்கள் யாரிடமிருந்தும் இரவல் வாங்கவில்லை. அது அவர்களுடைய பாட்டியின் மொழி. பாட்டி ஞானஸ்நானம் பெற்றபோது மொழியைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

எழுத்திலும் இதுவே நடந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவைப் பாட எடுத்துக்கொண்ட வடிவம் கலம்பகம். நந்திவர்மப் பல்லவனைப் பாடிய அதே கலம்பகம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடும்போது நாட்டுப்படலத்தில் தமிழ்நாட்டு வயலையும் வாய்க்காலையுமே பாடினார். இவற்றையெல்லாம் திருட்டு என்று சொன்னால் தமிழ் இலக்கிய வரலாற்றில் பாதியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நேர்மையான கேள்வியை எழுப்பக்கூடும். "பாட்டியின் மொழி என்று பசப்ப வேண்டாம். இது மேலிருந்து தீட்டப்பட்ட திட்டமில்லையா? தத்துவ போதகர் காவி உடுத்தது எதற்காக?" இக்கேள்வியை நாம் தட்டிக் கழிக்க மாட்டோம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தம்மைத் துறவி என்று சொல்லிக்கொண்டார். உயர்சாதியினரை ஈர்ப்பதே அவருடைய நோக்கம். அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அது திட்டம்தான்.

ஆனால் அந்தத் திட்டத்தின் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டாமா? காவியோடு வேறொன்றும் உள்ளே வந்தது. பூணூலும் குடுமியும் சமயக் குறிகள் அல்ல, சமூகக் குறிகளே என்று நொபிலி வாதிட்டார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். சமூகக் குறி என்றால் என்ன பொருள்? சாதிக் குறி என்று பொருள். சமயத்தை மாற்றலாம், சாதியை மாற்ற வேண்டியதில்லை என்று பொருள். உயர்சாதியினரிடம் பழகும் குரு ஒடுக்கப்பட்டவரின் குடிசைக்குள் நுழைந்தால் தீட்டு. ஆகவே 1640 முதல் பண்டார சுவாமிகள் என்று தனி வகைக் குருமாரை மதுரை மிஷன் ஏற்படுத்தியது. ஒரே திருச்சபை, ஒரே நற்கருணை, அதைக் கொடுக்க மட்டும் இரண்டு வகைக் கைகள்.

அந்த இரண்டு கைகள் பின்பு இரண்டு கூடங்களாயின. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவில், ஒரு பீடத்திலிருந்து கால்சட்டை போல இரு கிளையாகப் பிரிந்தது, இரு சாதியாரும் ஒருவரையொருவர் காணாமல் பூசை காண்பதற்காக. 1910இல்தான் அந்தத் தடுப்பு நீக்கப்பட்டது. பழங்கதை என்று சொல்லிவிடலாம் என்றால், 2008 மார்ச் 9 பழங்கதையன்று. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஊருக்குள் செபமாலை மாதா, சேரியில் சகாய மாதா. பிரதான வழியும் சவ வண்டியும் கோவிலின் பொது மரியாதையும் தமக்கு மறுக்கப்படுவதால் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டனர். அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். ஒரே தாய்க்கு இரண்டு பெயர். அந்த இரண்டு பெயருக்கும் நடுவே துப்பாக்கிச் சூடு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் குழிகளைப் பிரிக்கக் கட்டிய சுவரை இடிக்கக் கோரி 2010இல் போராட்டம் நடந்தது. செத்தவரும் சாதி மாறவில்லை.

இதனை வெளியார் சொல்லும் அவதூறு என்று யாரும் தள்ள முடியாது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், அவர்கள்பால் தீண்டாமை நடைமுறையில் உள்ளது என்றும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. அரசும் தன் பங்குக்கு ஒரு கதவை மூடியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராகிய தலித்து வெளியே நின்றார். கோவிலுக்குள் அவர் தலித்து, தாலுகா அலுவலகத்தில் அவர் தலித்து இல்லை. இந்தக் கொடுமையான நகைச்சுவைக்கு எதிராகத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது.

இப்போது கைதட்டியவர்களிடம் நாம் கேட்கிறோம். இந்த மண்ணிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டவற்றின் பட்டியலை வாசித்தீர்களே, காவி, தேர், கொடிமரம், மொட்டை, தேங்காய் என்று. அந்தப் பட்டியலில் சாதி ஏன் இல்லை? மெய்யாகவே இங்கிருந்து எடுத்துச்செல்லப்பட்டு இன்றும் சேதாரமில்லாமல் பாதுகாக்கப்படும் பொருள் அதுதானே? அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? கேட்டால், அது முதலில் யாருடையது என்ற பேச்சு வரும் என்பதாலா?

கைகுலுக்கிய கிறித்தவ நண்பரிடமும் கேட்கிறோம். காவியும் தேரும் வேதத்தில் இல்லை என்கிறீர்கள். சரி. தனிக் கல்லறையும் தனிச் சவ வண்டியும் வேதத்தின் எந்த அதிகாரத்தில் இருக்கின்றன? பழையதை விடவில்லை என்று நடக்கிறவளைப் பார்த்துச் சொல்கிறீர்கள். விட வேண்டிய பழையது அவளுடைய புடவையிலா இருக்கிறது?

நம் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி ஓர் இளைஞர் இருக்கிறார். அம்பத்தூரில் லேத் வேலை. பிழைப்புக்காகக் குடிபெயர்ந்து வந்த குடும்பம். ஒன்பது ஆண்டுகளாக நடக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து அவரே பழைய சைக்கிள் சக்கரங்களைக் கொண்டு தேர் செய்கிறார். வெல்டிங் அவருடையது, ஜிகினா வேலை அவருடைய மனைவியுடையது. பக்கத்திலேயே பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதாவுக்குப் பெரிய கோவில் இருக்கிறதே, அதே நாட்களில் அங்கும் திருவிழா நடக்கிறதே, அங்கே போனால் ஒரே நாளில் திரும்பிவிடலாமே என்று ஒருமுறை கேட்டோம். அவர் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: "ஊர்ல எங்க தெருவுக்குத் தேர் வராது சார். முக்குல திரும்பிடும். அதான் நாங்களே ஒண்ணு செஞ்சி எல்லா ஊர் வழியாவும் இழுத்துட்டுப் போறோம்."

இதற்குப் பிறகு அந்தக் காவியைப் பற்றியும் தேரைப் பற்றியும் நாம் கேள்வி கேட்பது தகுமா? நொபிலி உடுத்த காவியும் இவர் உடுத்தும் காவியும் ஒரே நிறம்தான், ஒரே பொருள் இல்லை. உயர்ந்தவரிடம் போய்ச் சேர்வதற்காக அவர் உடுத்தார். யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று பார்த்தவுடன் தெரியக்கூடாது என்பதற்காக இவர் உடுத்துகிறார். நாற்பது பேர் ஒரே துணியில் நடந்தால், சாலையோரத்தில் மோர் கொடுப்பவர் எந்தக் குவளை யாருக்கு என்று யோசிக்க முடியாது. பத்து நாட்களுக்கு அந்த வசதி. வேளாங்கண்ணியின் தொன்மரபும் இதையே சொல்கிறது. மாதா முதலில் தோன்றியது எசமானருக்குப் பால் கொண்டுபோன ஒரு சிறுவனுக்கு. பிறகு மோர் விற்ற ஒரு கால் ஊனமுற்ற சிறுவனுக்கு. இருவரிடமும் அவள் கேட்டது குழந்தைக்குப் பசியாற. யார் கையால் எதை வாங்கி உண்பது என்பதையே தன் அடிப்படைச் சட்டமாகக் கொண்ட ஒரு சமூகத்தில், ஏழைப் பையன் கையிலிருந்த பாலைக் கேட்டு வாங்கிய தாய் என்ற கதை ஏன் பரவியது என்பதற்கு நமக்கு விளக்கம் வேண்டுமா?

சாலையைச் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. குழுக்கள் தெருவாரியாகவே புறப்படுகின்றன, தெருக்களோ சாதிவாரியாக இருக்கின்றன. சமைக்கும் வேலை வழியிலும் பெண்களுக்கே வருகிறது. இருட்டில் நடக்கிறவர்கள் மேல் வண்டி ஏறிவிடும் அபாயம் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. திரும்பி வந்து காவியைத் துவைத்து மடித்து வைத்ததும் பழைய தெரு பழையபடியே இருக்கும். இவையனைத்தும் உண்மை. ஆயினும் ஆண்டில் பத்து நாள் ஒருவர் தம் தேரைத் தாமே இழுத்து, எந்த முக்கிலும் திருப்பிவிடப்படாமல் 300 கிலோமீட்டர் போவது சிறிய செய்தியன்று.

பயணிகள் போகும் அதே பாதையில், சீர்காழிக்குத் தெற்கே வைத்தீசுவரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புன்கூர். சந்நிதிக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்ற ஒருவருக்காக நந்தி விலகி வழிவிட்ட ஊர். நம் பூந்தமல்லிக்கு அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் அவரைத் திருநாளைப்போவார் என்கிறார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியதால் வந்த பெயர். தமிழ் இலக்கியத்தில் யாத்திரை மறுக்கப்பட்ட முதல் யாத்திரிகர் என்று அவரை நாம் சொல்வோம். திருப்புன்கூரில் நந்தி விலகிற்று. தில்லையிலோ தீ மூட்டினார்கள். அதில் மூழ்கி எழுந்த பிறகே அவரால் உள்ளே போக முடிந்தது. வகுப்பறையில் விலகிய நந்தியைப் பற்றி உருகிப் பேசும் நாம், தீயைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தேம்பாவணியின் பாட்டுடைத் தலைவர் யார் என்று இரண்டு மதிப்பெண் வினா கேட்பதோடு கிறித்தவத் தமிழைக் கரையேற்றிவிடுவதும் நாமே. அந்த இரண்டு மௌனங்களிலிருந்தும்தான் அன்றைய கைதட்டல் பிறந்தது. அதில் நம் துறைக்கும் பங்கு உண்டு. ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. பண்பாட்டுத் திருட்டு என்று மேடையில் முழங்குகிறவர்கள், காவியை விட்டுவிட்டுச் சாதியைக் கேளுங்கள். அப்போது நாமும் உங்கள் பின்னால் நின்று கேட்போம், இரு பக்கமும் திரும்பிக் கேட்போம். வேதத்தில் இல்லாததை எல்லாம் விலக்க நினைப்பவர்கள், கல்லறைச் சுவரிலிருந்து தொடங்குங்கள். பங்குத் தேர் எந்த முக்கில் திரும்புகிறது என்று ஒவ்வொரு பங்குக் குருவுக்கும் தெரியும். அது திரும்பாமல் நேரே போகட்டும். அந்தத் தெருவுக்குள் ஒருமுறை போய் வரட்டும்.

அடுத்த ஆகஸ்டிலும் அந்த இளைஞர் புறப்படுவார். சக்கரம் புதிதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தேர் தம் தெருவுக்கு வந்துவிட்டால் நடப்பதை நிறுத்திவிடுவீர்களா என்று கேட்டோம். சற்று யோசித்து, அப்போதும் நடப்பேன், ஆனால் அது வேறு நடையாக இருக்கும் என்றார். அந்த வேறு நடையைக் காணும் நாள் வரைக்கும், நண்பர்களே, அவருடைய வேட்டியின் நிறத்தைப் பற்றி நம்மிடம் பேச வராதீர்கள்.